சிமுலேட்டரில் முதல் மாதம்: ரோபோ அறுவை சிகிச்சை கேள்வி பதில்

சென்னையில் ரோபோ அறுவை சிகிச்சை கற்க வரும் மருத்துவர்களுக்குத் நோயாளி இல்லாமல் கணினித் திரையில் பழகும் தொடக்க நிலை சிமுலேட்டர் பயிற்சி அளித்து வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முதல் நாளே தையல் பயிற்சியைத் தொடங்கலாமா?
*முதுநிலை மாணவி, கீழ்ப்பாக்கம்*

வேண்டாம் அம்மா. முதல் நாள் முழுவதையும் கேமராவுக்கும் கிளட்சுக்கும் கொடுங்கள். மருத்துவர் உட்கார்ந்து ரோபோவின் கைகளை இயக்கும் மேடைதான் கன்சோல். அதில் உட்கார்ந்ததும் இருக்கையையும் முன்கைத் தாங்கியையும் உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். தோளைத் தூக்கியபடி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பிறகு வளையங்களை எடுத்து முளைகளில் மாட்டும் பயிற்சி. வேலை செய்யச் செய்ய உங்கள் முழங்கைகள் உங்களை அறியாமல் அகன்றுகொண்டே போகும். கிளட்ச் பெடலை மிதித்தால் உள்ளே கருவி நின்ற இடத்திலேயே நிற்கும். கைகளை வசதியான இடத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் தொடரலாம். இதை யோசிக்காமல் கால் தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

கருவி பார்வையை விட்டு விலகிவிட்டால் அதை அசைக்கவே கூடாது. கேமராவைத் திருப்பிக் கருவியைக் கண்ட பிறகே கை நகர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கருவி குடலைக் கிழித்தாலும் கன்சோலில் இருப்பவருக்குத் தெரியாது. நான் எவருக்கும் விட்டுக்கொடுக்காத விதி இது.

திறந்த அறுவை சிகிச்சையில் எனக்கு 20 ஆண்டு அனுபவம். ஆனால் சிமுலேட்டரில் என் மாணவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் வருகிறது. என் கை மந்தமாகிவிட்டதா?
*அறுவை சிகிச்சை மருத்துவர், அண்ணா நகர்*

இல்லை ஐயா. உங்கள் விரல்கள் இத்தனை ஆண்டுகளாகத் திசுவைத் தொட்டே முடிவெடுத்தவை. கன்சோலில் அந்தத் தொடுவுணர்வு இல்லை. அமெரிக்காவில் 2024-இல் அனுமதி பெற்ற டாவின்சி 5 என்ற அறுவை சிகிச்சை ரோபோவில் இழுவிசையை உணர்த்தும் கருவிகள் வந்துள்ளன. அதற்கு முந்தைய டாவின்சிகளில் அந்த வசதி கிடையாது. கை இழந்ததைக் கண் கற்றுக்கொள்ள வேண்டும்.

முடிச்சு இறுகும்போது நூலைக் கவனியுங்கள். தளர்ந்து வளைந்து கிடந்த நூல் முதலில் நேராகும். அடுத்து, திசுவின் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும். பிறகு நூலை ஒட்டிய இடம் லேசாக வெளுக்கத் தொடங்கும். அங்கே நின்றுவிட வேண்டும்.

என்னிடம் வந்த மூத்த மருத்துவர் ஒருவர் ஒரே அமர்வில் ஏழு முறை நூலை அறுத்துவிட்டார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிச்சுப் போடுவதைத் திரையில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முடிச்சில், “இப்போது வெளுக்கிறது” என்று அவரே சொன்னார். அடுத்து அவர் போட்ட முடிச்சில் நூல் அறவில்லை.

எங்கே வெட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற உங்கள் நிதானத்தை அந்த மதிப்பெண் அளப்பதில்லை. அது உங்களிடம் அப்படியே இருக்கிறது.

மொத்த மதிப்பெண் 90-ஐத் தாண்டிவிட்டது. போதுமா?
*பயிற்சி மருத்துவர், தாம்பரம்*

மொத்தத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, உள்ளே பிரித்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய விசை, கருவிகள் ஒன்றோடொன்று மோதியது, பார்வைக்கு வெளியே போனது, கை வீணாக அலைந்த தூரம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். நேரத்தைக் கடைசியில் பாருங்கள். வேகமாக முடித்து நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களில் சிலர் விசையில் தவறுகிறார்கள். எனக்குக் கவலை தருபவர்கள் அவர்கள்தாம். நிர்ணயித்த தரத்தை எல்லா அளவிலும் தொடர்ந்து இரண்டு முறை தொட்டால்தான் அடுத்த பயிற்சிக்கு அனுப்புவேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுக்க உட்கார்ந்து முடித்துவிடலாமா? வார நாட்களில் நேரமே கிடைப்பதில்லை.
*சிறுநீரகவியல் மருத்துவர், வேளச்சேரி*

உங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் பிரித்துச் செய்வதே நல்லது. நுண்ணிய ரத்தக் குழாய்த் தையலை 38 பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பித்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஒரு குழு நான்கு அமர்வுகளையும் ஒரே நாளில் முடித்தது. மற்றது வாரம் ஒன்றாகச் செய்தது. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகச் செய்தவர்களே மேலாக நின்றார்கள். வாரம் இரண்டு முறை நாற்பது நிமிடம் ஒதுக்கினாலே போதும்.

தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் இதைக் கற்க முடியுமா?
*மருத்துவ மாணவர், வண்ணாரப்பேட்டை*

இல்லை. ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனைக்கு 2022-இலேயே ரோபோ கருவி வந்துவிட்டது.

மருத்துவர்களுக்கு மட்டும்தானா இந்தப் பயிற்சி?
*ஆபரேஷன் தியேட்டர் செவிலியர், ராயப்பேட்டை*

இதைக் கேட்டதற்கு நன்றி சிஸ்டர். மருத்துவர் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, கன்சோலுக்குள் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. அவர் “கத்தரியை மாற்றுங்கள்” என்றால் நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாற்றி முடித்ததும் மறுபடியும் சொல்ல வேண்டும்.

திடீரென ரத்தம் பெருகினால் கருவிகளை வெளியே எடுத்து, ரோபோவின் கைகளைக் கழற்றி, ரோபோ நிற்கும் வண்டியை விலக்கி, வயிற்றைத் திறக்க வழிவிட வேண்டும். இதை எந்த சிமுலேட்டர் திரையும் உங்கள் குழுவுக்குக் கற்றுத் தராது. நோயாளி இல்லாத நாளில், தியேட்டரிலேயே, எல்லோரும் நின்று கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். யார் எதைக் கழற்றுவது என்பதை அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ரோபோ அறுவை சிகிச்சை என்கிறார்கள். இயந்திரம் தானாகவே அறுக்குமா? பயமாக இருக்கிறது.
*பெரம்பூர் வாசகி*

தானாக ஒன்றும் செய்யாது அம்மா. மருத்துவரின் கை அசைந்தால்தான் உள்ளே கருவி அசையும். டாவின்சியில் அவர் கன்சோலிலிருந்து தலையை எடுத்தாலே கருவிகள் நின்றுவிடும்.

ஆகவே கேட்க வேண்டியது மருத்துவரைப் பற்றித்தான். இந்த அறுவை சிகிச்சையை ரோபோவில் எத்தனை முறை செய்திருக்கிறார்? கன்சோலில் உட்காரப்போவது அவர்தானா? அவருக்கு இது புதிது என்றால், அனுபவமுள்ள ஒருவர் உடன் இருப்பாரா? நடுவில் திறந்த அறுவை சிகிச்சைக்கு மாற நேர்ந்தால் என்ன ஏற்பாடு? நல்ல மருத்துவர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார். போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.