கடைப் பலகையில் ‘ஓப்பின்’ஆ, ‘ஓப்பின்ட்’ஆ?

திருநெல்வேலிச் சந்தியில் திறக்கப்போகும் கடைக்கு ‘வீ ஆர் ஓப்பின்ட்’ என்று பலகை அடிக்கலாமா, ‘குளோஸ்ட்’ என்பதில் கடைசியில் ‘ட்’ வருகிறதே, இதில் ஏன் வராது என்று கேட்டிருந்தீர்கள். அடிக்காதீர்கள், ‘வீ ஆர் ஓப்பின்’ போதும்.

ஓப்பின் என்பது வினை மட்டுமில்லை, திறந்திருக்கும் நிலையைச் சொல்லும் பெயரடையும் அதுதான், ஆங்கிலத்தில் அந்தப் பெயரடை பழையது, வினையே அதிலிருந்துதான் வந்தது, அதனால் நிலையைச் சொல்ல வால் தேவையில்லை. குளோஸ் அப்படியில்லை. அதைப் பெயரடையாக வைத்தால் ‘கிட்ட’ என்ற பொருள் வந்துவிடும் (உச்சரிப்பும் கொஞ்சம் மாறும்), ஆகவே பூட்டியிருக்கிற கடைக்கு குளோஸ்ட்தான்.

அப்ப ‘ஓப்பின்ட்’ எங்கே வரும்? யாரோ திறந்த செயலைச் சொல்லும்போது. பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது என்றால் ‘வாஸ் ஓப்பின்ட்’, இன்றைக்கு அது இயங்குகிறது என்றால் ‘இஸ் ஓப்பின்’. உங்கள் கடையும் அப்படித்தான், திறப்பு விழா அழைப்பிதழில் ‘வில் பீ ஓப்பின்ட் பை’ என்று போட்டுப் பிரதம விருந்தினர் பெயரை எழுதலாம், பிழையில்லை.

இன்னொன்று, உள்ளே ‘ஓப்பின் த ஃபேன்’ என்று எழுதி ஒட்டாதீர்கள். ஃபேன், லைட், ரீவி எல்லாத்துக்கும் ‘ரேர்ன் ஓன்’ அல்லது ‘சுவிச் ஓன்’, தண்ணிப் பைப்புக்கும் ‘ரேர்ன் ஓன்’தான் வழக்கம். பலகை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதென்றால் இப்பவே கோல் எடுத்து நிற்பாட்டுங்கோ.