பழைய லேண்ட் குரூசர் எஞ்சினுக்குள் எதை மேம்படுத்தலாம்?

டொயோட்டாவின் பழைய லேண்ட் குரூசர் மாடலான எஃப்ஜே40 வண்டியின் 2எஃப் எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது எந்த உள்பாகங்களை மேம்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அளவெடுங்கள், பிஸ்டன் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த ஓவர்சைஸ் (வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிய) பிஸ்டன் வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சின். சிலிண்டர் துளை 94 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 101.6 மி.மீ. இதன் பலமே குறைந்த வேகத்தில் கிடைக்கும் டார்க், அதாவது திருப்புவிசைதான். வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம்ஷாஃப்டைப் பொருத்தினால், பாறை ஏறும்போது தேவைப்படும் அந்த இழுவையே போய்விடும். விளம்பரத்தில் குதிரைத்திறன் எண் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். மிதமான கேம், கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவை) சற்றே உயர்த்தும் பிஸ்டன், சமநிலைப்படுத்திய கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆகியவையே என் தேர்வு.

கேமை மாற்றினால், அதன்மேல் உரசி வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். பழைய கேமோடு தேய்ந்து பழகியவை புதியதை விரைவில் அரித்துவிடும். முதல் ஓட்டத்துக்குத் துத்தநாகச் சேர்மானம் மிகுந்த எண்ணெய் ஊற்றி, ஏறத்தாழ 2,000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்தில்) விடாதீர்கள், அந்த வேகத்தில் தெறிக்கும் எண்ணெய் கேமுக்குப் போதாது.