நீல டிக் கேட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். விற்பனையில் பாதி சமூக ஊடகத்தில்தான். என் கடைப் பெயரையும் என் படத்தையும் போட்டு யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றுகிறார்கள். கணக்கு அசல்தான் என்று காட்டும் நீல டிக் கேட்டால் அந்தத் தளம் எனக்குத் தர மறுக்கிறது. வழக்குப் போடலாமா?

போடலாம். ஆனால் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சி.பி.ஐ.யின் இடைக்கால இயக்குநராக இருந்த எம். நாகேஸ்வர ராவ், ட்விட்டர் தன் டிக்கை நீக்கிவிட்டது என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் நிறுவனத்திடமே கேளுங்கள் என்று 2022 ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். மே மாதம் மறுபடி மனு போட்டார். தள்ளுபடி ஆனதோடு 10,000 ரூபாய் செலவுத் தொகையும் கட்டச் சொன்னார்கள்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(7) என்று ஒன்று உண்டு. விரும்புகிறவர்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளப் பெரிய தளங்கள் வழி செய்ய வேண்டும், சரிபார்த்தவர்களுக்குக் கண்ணில் படும் அடையாளம் தர வேண்டும் என்கிறது. அது நீல டிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. தளம் விதியை மீறினால், பயனர்கள் போடும் பதிவுகளுக்குத் தளம் பொறுப்பல்ல என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை அது இழக்கலாம். ஆனால் அதை வைத்து உங்களுக்கு டிக் வந்துவிடாது. தவிர, காசுக்கு விற்கிற டிக்குக்கு என்ன மரியாதை? 2022 நவம்பரில் எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ 8 டாலருக்கு ட்விட்டரில் டிக் வாங்கி, இன்சுலின் இலவசம் என்று பதிவு போட்டுவிட்டார்கள்.

போலிக் கணக்கைப் பிடியுங்கள். அதற்குத்தான் சட்டத்தில் பல் இருக்கிறது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இரண்டு புகார்களைத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒன்று, உங்கள் முகத்தை வைத்து ஆள்மாறாட்டம் செய்வது பற்றி: இது விதி 3(2)(b)-இல் வரும், 2021-இல் வந்தபோதே, புகார் வந்ததும் நீக்க 24 மணி நேரக் கெடு வைத்த விதி. கடைப் பெயருக்கு இந்த விதி பொருந்தாது, அது தனிமனிதருக்கானது. பெயருக்கு டிரேட்மார்க் சான்றிதழ் இருந்தால் அதை இணைத்து இரண்டாவது புகார். பதிவு செய்யவில்லை என்றால் இப்போதாவது செய்துவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் கணக்கின் முழு லிங்க்கும் தெரிய வேண்டும். பெயரை மட்டும் குறித்து வைத்தால், அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயரை மாற்றிவிடுவார்கள். கோர்ட்டுக்குப் போனால், மின்னணு ஆதாரம் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சொல்லும் 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் கேட்பார்கள். படம் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள்.

அலுவலர் தட்டிக்கழித்தால், 30 நாளைக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாமே ஆன்லைன்தான். பணம் இழந்த வாடிக்கையாளர்களை சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்காக நீங்கள் அழைப்பதைவிட அவரவர் அழைப்பதுதான் வேலைக்கு ஆகும். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66D பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

இத்தனைக்கும் பிறகு வழக்குதான் வழி என்றால், டிரேட்மார்க் பதிவு உள்ளவர் தொழில் நடத்தும் ஊரிலேயே தொடுக்க டிரேட்மார்க் சட்டத்தின் 134-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்கள் டெல்லிக்கு அலைய வேண்டாம்.