சிட்டியும் காபியும் மோனை ஆகுமா?

கேள்வி: தமிழ்வழியில் படித்துவிட்டு இந்த ஆண்டு பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறேன். சிமிலி, மெட்டஃபர், அலிட்டரேஷன் என்று 200 சொற்கள் உள்ள கைடை மனப்பாடம் செய்தேன். ‘சிட்டி’, ‘காபி’ இரண்டும் அலிட்டரேஷன் என்று தேர்வில் எழுதினேன், மார்க் போய்விட்டது. பள்ளியில் படித்த மோனை, எதுகையை மறந்தால்தான் இதெல்லாம் மண்டையில் ஏறுமா?
(மாணவி, தண்டையார்பேட்டை)

பதில்: மறக்க வேண்டியது மோனையை அல்ல, கைடை. அந்த 200 சொல்லில் முதலாண்டுக்கு 20 தெரிந்தால் தாராளம். அந்த இருபதையும் வரையறையாக ஒப்பிக்காமல், ஒரு வரியைக் காட்டினால் அதில் அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

அலிட்டரேஷன் என்றால் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது. நீங்கள் சறுக்கிய இடம், காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் பார்த்தது. ‘சிட்டி’யும் ‘காபி’யும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஒலி வேறு. ‘ஃபிஷ்’, ‘ஃபோட்டோ’ எழுத்தில் வேறு, ஒலியில் ஒன்று; அதனால் அவை அலிட்டரேஷன். கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ கே எழுத்தில் தொடங்கினாலும் ‘கிங்’கோடு சேராது, ‘நெட்’டோடுதான் சேரும். சந்தேகம் வந்தால் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதியில் தமிழ் எழுத்தே ஏமாற்றும்: ‘பின்’ என்று எழுதினால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா? க, ட, த, ப நான்கும் நமக்கு இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்து. அங்கே வாயால் சொல்லிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

மோனையும் அலிட்டரேஷனும் உறவுக்காரர்கள்தான், ஒரே ஆள் இல்லை. நமக்கு ச‑வுக்குத் த இனம், ஞ‑வுக்கு ந இனம், ம‑வுக்கு வ இனம். ‘மீன்’, ‘வீடு’ நம் யாப்பில் மோனை. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. எதுகையை ‘ரைம்’ என்று எழுதுவது இதைவிடப் பெரிய தப்பு. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது; முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ‘மாடம்’, ‘கூடம்’ எதுகை. ‘மடம்’, ‘கூடம்’ இல்லை. ரைமோ சொல்லின் வாலில் இருக்கிறது. அழுத்தி உச்சரிக்கும் கடைசி உயிரொலியிலிருந்து முடிவு வரை ஒன்றாக ஒலிக்க வேண்டும்: ‘ஸ்டேஷன்’, ‘நேஷன்’. நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வருவது இயைபு. ‘லவ்’, ‘மூவ்’ எழுத்தில் ஒரே வால், ஒலியில் இல்லை. அதைக் ‘கண் ரைம்’ என்று தனியே வைத்திருக்கிறார்கள்.

சிலபிள், அதாவது சொல்லின் ஒலித்துண்டு, எண்ணுவதில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொந்தத் தொல்லை உண்டு. ‘இஸ்கூல்’ என்றால் இரண்டு. ஆங்கிலத்தில் அது ஒன்றே ஒன்று. ‘ராயபுரம் இஸ்டேஷன்’ என்று ஷேர் ஆட்டோவில் சொல்லுங்கள், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். தாளில் எண்ணும்போது அந்த ‘இ’யைக் கழற்றிவிடுங்கள். ‘பஸ்ஸு’, ‘லைட்டு’ என்று கடைசியில் ஒட்டும் ‘உ’வையும்தான். முகவாய்க்குக் கீழே கையை வைத்துச் சொல்லைச் சொன்னால், தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை சிலபிள். இது கைவந்தால் ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்ற ஆங்கிலக் கவிதைச் சந்தம் பூச்சாண்டி அல்ல: மெல்ல, அழுத்தி என்ற ஜோடி ஐந்து, ஆக ஒரு வரிக்குப் பத்து சிலபிள். கவிஞர்கள் நடுநடுவே ஜோடியைப் புரட்டிப் போடுவார்கள். உங்கள் கணக்கு தப்பு என்று பதறாதீர்கள். நம் யாப்பின் அசைகளான நேரும் நிரையும் குறில், நெடில், ஒற்றுக் கணக்கு. ஆங்கிலத்தில் அழுத்தக் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம்; இங்கே பள்ளிப்பாடம் அப்படியே கைகொடுக்கும். ஆனால் ‘லைக்’ வந்த இடமெல்லாம் சிமிலி என்று கோடு போடாதீர்கள். ‘எனக்கு வஞ்சிரம் பிடிக்கும்’ என்பதிலும் ஆங்கிலத்தில் அந்த ‘லைக்’தான் வரும். ‘தங்கை அக்கா மாதிரியே இருக்கிறாள்’ என்பதும் வெறும் ஒப்பீடு. உவமைக்கு இரண்டும் வேறு வேறு இனமாக இருக்க வேண்டும். ‘என் படிப்பு, பேசின் பிரிட்ஜில் நின்றுபோன ரயில்’ என்றால் மெட்டஃபர். ‘ரயில் போல’ என்றால் சிமிலி. சொல்லவந்த பொருள் படிப்பு, ஏற்றிவந்த வண்டி ரயில். இந்த இரண்டுக்கும் டெனர், வெஹிக்கிள் என்று 1936‑இல் ஆங்கில விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் பெயர் வைத்தார். இரண்டுக்கும் பொது என்ன என்பதுதான் கேள்வியின் உயிர்: அடுத்தது சென்ட்ரல், ஆனால் வண்டி நகரவில்லை. பொதுத்தன்மை எங்கே என்று தேட, தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்கு கதவு திறந்து வைத்திருக்கிறார். செயலா, விளைவா, வடிவமா, நிறமா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஆங்கிலக் கவிதைக்கும் திறக்கும்.

‘எண்ணூர்ப் புகைபோக்கி வானத்துக்குப் பீடி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது’ என்றால் பர்சானிஃபிகேஷன், மனிதரல்லாததை மனிதராக்குவது. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஐரனி மட்டும் நின்று பார்க்க வேண்டியது. மழையில் நனைந்தது, பஸ்ஸைத் தவறவிட்டது எல்லாம் ஐரனி இல்லை, கெட்ட நேரம். சொன்னதற்கு எதிர்ப்பொருள் நிற்பது சொல் ஐரனி. நம் வஞ்சப்புகழ்ச்சி பக்கத்து வீடு. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிவது நாடக ஐரனி. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு பொற்கொல்லனிடம் போகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான் என்பது நமக்குத் தெரிகிறது, கோவலனுக்குத் தெரியவில்லை. அடிவயிறு பிசைகிறதே, அந்த வேலையைச் செய்வது இதுதான்.

‘தீம்’ என்ற மையக்கருத்தை ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். ‘வறுமை’ என்பது பேசுபொருள். வறுமையைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதினால்தான் தீம்.

கடைசியாக, விடை எழுதும் முறை. ‘இதில் மெட்டஃபர் உள்ளது’ என்று எழுதிப் பேனாவை மூடினால் அரை மார்க்குக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘படிப்பை நின்றுபோன ரயில் என்று கவிஞர் உருவகிக்கிறார். “பேசின் பிரிட்ஜில்” என்ற சொல் முடிவு பக்கத்தில்தான் என்று காட்டுகிறது. அதனால் அந்தத் தேக்கம் சோம்பலாக அல்ல, எரிச்சலாகத் தெரிகிறது.’ மூன்று வாக்கியம்: பெயர், சொல், விளைவு. அந்த மூன்றாவது வாக்கியம் உங்கள் கைடில் இருக்காது.