அக்சஸ் ஃபார்ம்களை மைஎஸ்கியூஎல்லோடு இணைப்பது எப்படி?

ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் மைக்ரோசாஃப்ட் அக்சஸில் இருக்கட்டும், டேட்டா மட்டும் வேறு கணினியில் உள்ள மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்க வேண்டும், டிரைவர் போட்டும் இணைப்பு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் பேசுவது ஓடிபிசி டிரைவர். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். விண்டோஸ் 64 பிட் என்பதால் 64 பிட் டிரைவரைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் டிரைவர் பொருந்த வேண்டியது அக்சஸுக்கு. அக்சஸ் 32 பிட் என்றால் டிரைவரும் 32 பிட்தான். டிஎஸ்என் (எந்த சர்வரோடு எப்படி இணைவது என்ற விவரங்களின் தொகுப்பு) உருவாக்கும் கருவியும் இரண்டு உண்டு. வேடிக்கை என்னவென்றால், சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட் கருவி. 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கிறது!

டிஎஸ்என்னில் சர்வர் முகவரி, போர்ட் (வழக்கமாக 3306), யூசர், பாஸ்வேர்ட் கொடுத்து டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அங்கேயே பிழை வந்தால் அக்சஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபயர்வாலைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் யூசர் பெயரோடு அவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது சர்வர் இருக்கும் அதே கணினிக்கு மட்டும் உருவாக்கியது வெளியிலிருந்து செல்லாது.

பிறகு டேபிள்களை இம்போர்ட் செய்யாமல் லிங்க் செய்யுங்கள். இம்போர்ட் செய்தால் கிடைப்பது அந்த நேரத்து நகல் மட்டுமே. பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் புலம்) இல்லாத டேபிளை லிங்க் செய்தால் பொதுவாகப் படிக்கலாம், திருத்த முடியாது. பெரிய டேபிளில் கனமான தேடல் என்றால் பாஸ்-த்ரூ குவெரி (அக்சஸ் அப்படியே சர்வருக்கு அனுப்பிவிடும் குவெரி) எழுதுங்கள். வேலை சர்வரிலேயே முடிந்து விடை மட்டும் வரும்.