ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு மாலைகளில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆரம்பித்தோம். மொட்டைமாடிதான் பள்ளிக்கூடம். ஏழு பேரில் தொடங்கியது இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. இடமும் போதவில்லை, சொல்லித்தர ஆளும் போதவில்லை. ஒடிசாப் பையன் ஒருவன் பஸ் போர்டு எல்லாம் படிக்கிறான். புதிதாக வருகிறவர்களுக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அவனே சொல்லிக்கொடுக்கிறான். பெண்கள் மட்டும் இரண்டே பேர்தான்.

இப்போது ஒரு கம்பெனி முதலாளி ஹால், ஃபேன், நோட்டுப் புத்தகம் எல்லாம் தருவதாகச் சொல்கிறார். ஆனால் வேலைக்கு வேண்டிய தமிழ் மட்டும் போதும் என்கிறார். சம்பளச் சீட்டைப் படிக்கச் சொல்லித்தருவது அவருக்குப் பிடிக்கவில்லை. நண்பர்கள் ஒத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒரு கூட்டத்தில் நீங்கள், பிழைக்க வந்தவர்களுக்காக சிகாகோவில் நடந்த ஹல் ஹவுஸ் என்ற சமூக மையம் பற்றிப் பேசியதைக் கேட்டேன். அவர்கள் எப்படி வளர்ந்தார்கள்?

– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிபந்தனையோடு அந்த ஹால் வேண்டாம்.

ஹல் ஹவுஸும் மொட்டைமாடி மாதிரிதான் தொடங்கியது. 1889 செப்டம்பரில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய வீட்டில் குடியேறினார்கள். ஒரு பக்கம் சாராயக்கடை, மறுபக்கம் சவ அடக்கம் செய்துகொடுக்கும் கடை. சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், போலந்துக்காரர், ரஷ்ய யூதர் என்று கப்பலேறிப் பிழைக்க வந்த குடும்பங்கள். குழந்தைகளுக்கு ஒரு வகுப்பு, பெண்களுக்கு ஒரு வாசிப்புக் குழு என்று ஆரம்பித்தார்கள். இரண்டாவது வருடத்திலேயே வாரத்துக்கு 2,000 பேர் வந்துபோனார்கள். 1907இல் அது 13 கட்டடங்களாக நின்றது. அங்கேயே தங்கி வேலை செய்தவர்கள் சம்பளம் வாங்கவில்லை, தங்கள் சாப்பாட்டுச் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆடம்ஸிடம் அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து இருந்தது. வீட்டுச் சொந்தக்காரி ஹெலன் கல்வர் சீக்கிரமே வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கல்வர் இடம் கொடுத்தபோது உள்ளே என்ன சொல்லித்தர வேண்டும் என்று கட்டளை போடவில்லை. அங்கேதான் உங்கள் முதலாளி வேறுபடுகிறார்.

ஆடம்ஸுக்கும் இப்படி ஆட்கள் வந்தார்கள். வீடுகளுக்குள் அடைந்து நாள் முழுக்கத் துணி தைத்த பெண்களையும் பிள்ளைகளையும் காக்கச் சட்டம் வேண்டும் என்று ஹல் ஹவுஸ் போராடிய நேரத்தில், அந்தப் பேச்சை விட்டால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று இரண்டே நாளில் 50,000 டாலர் தரும் என்று தூது வந்தது. அவர் வாங்கவில்லை. சட்டம் 1893இல் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களின் விடுதிக்குக் கட்டடம் கட்ட ஒருவர் 20,000 டாலர் கொடுக்க முன்வந்தார். தன்னிடம் வேலை செய்த பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதில் பேர்போனவர் அவர். அதையும் வேண்டாம் என்றார்கள். இரண்டுமே அந்தக் காலத்தில் பெரிய தொகை. மறுத்ததால் ஹல் ஹவுஸ் சுருங்கிப்போகவில்லை.

வேலைக்கு வேண்டிய மொழி மட்டும் என்றால் எப்படியிருக்கும் என்பதற்கும் சிகாகோவிலேயே உதாரணம் உண்டு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் போலந்துத் தொழிலாளிகளுக்குத் தயாரித்த ஆங்கிலப் பாடத்தில் முதல் பாடமே சங்குச் சத்தம் கேட்டதும் அவசரப்பட வேண்டும் என்பதுதான். நேரத்துக்கு உள்ளே போவது, சங்கு ஊதும் வரை வேலையை விடாமலிருப்பது, இப்படியே அந்தப் பாடம் போகும். எழுத்துக் கூட்டி முதன்முதலாக வாசிக்கிற ஒரு மனிதனின் வாயில் அந்த வரிகளை வைப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கசக்கிறது.

ஹில்டா சாட் என்ற பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும், உங்கள் ஊருக்கு நெருக்கமான கதை. போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம். அப்பா இறந்துபோக, சிறுமியாகவே பின்னலாடை ஆலைக்கு வேலைக்குப் போனாள். ஹல் ஹவுஸுக்கு வந்து படித்தாள். ஆடம்ஸின் உதவியால் கொஞ்ச நாள் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் படித்தாள். அப்புறம் திரும்பி வந்து, தன்னைப் போல வந்திறங்கியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். பெரியவர்களுக்கென்று நல்ல பாடப் புத்தகம் இல்லாததால் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தையே பாடமாக வைத்தாள். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதை நாள் முழுக்க மிஷினோடு நின்றுவிட்டு வந்தவர்கள் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். உங்கள் சம்பளச் சீட்டு எனக்கு அந்தப் பிரகடனம் போலத்தான் தெரிகிறது.

பெண்கள் வராததைப் பற்றி. 1900இல் ஹல் ஹவுஸில் ஒரு தொழில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அக்கம்பக்கத்து வயதான பெண்கள் தங்கள் ஊர் முறையில் நூல் நூற்பதை அங்கே செய்துகாட்டினார்கள். ஓர் இத்தாலியச் சிறுமி, தலையில் முக்காடு போட்ட தன் அம்மாவோடு சேர்த்துப் பார்க்கப்படுவதற்கு வெட்கப்பட்டு, அம்மாவை முன்வாசலில் விட்டுவிட்டுத் தான் பக்கவாசல் வழியாகச் சமையல் வகுப்புக்குப் போவாளாம். ஒருநாள் வெளியாட்கள் நின்று அம்மாவின் கைவேலையை வியந்து பார்ப்பதைக் கண்டாள். அதற்குப் பிறகு அம்மாவோடு ஒரே வாசலில் நுழைந்தாள் என்று ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். உங்களிடம் வரும் அந்த இரண்டு பெண்களிடம், அவர்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டீர்களா? எந்த நேரம் வசதி என்றும் கேளுங்கள். ஞாயிறு மாலைதான் வாரத் துணி துவைக்கிற நேரமாக இருக்கலாம்.

கேட்காமல் செய்து ஆடம்ஸும் தோற்றிருக்கிறார். சத்தான உணவு என்று ஆராய்ந்து ஒரு பொதுச் சமையலறை தொடங்கினார்கள், அக்கம்பக்கத்தார் சீண்டவில்லை. சத்தாக இருக்கலாம், ஆனால் எனக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண் நேராகவே சொல்லிவிட்டாள்.

இடத்துக்கு, பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். கிடைக்கும் வரை நாற்பது பேரை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆள் போதவில்லை என்கிறீர்கள், ஆனால் ஐந்தாவது ஆள் உங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறான். வரும் ஞாயிறு சாக்பீஸை அந்த ஒடிசாப் பையன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.