கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் பக்கம் கால்பந்து ரசிகர்களைப் படம் எடுப்பது எப்படி?

முதலில் பந்தை மறந்துவிடுங்கள். கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில், கூட்டத்தைப் பார்த்து நில்லுங்கள். கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் பிறந்த இரவிபுத்தன்துறை இந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது. இங்கே பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் ஆடியவர்கள். பந்து வலைக்குப் போகும் முன்பே அவர்கள் முகம் சொல்லிவிடும். சாரத்தை மடித்துக் கட்டிய பெரியவரின் வலது கால் தானாக உதைக்கும். எனக்குக் கோலைவிட அந்தக் கால்தான் படம்!

பகலில் ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். இரவு ஆட்டம் என்றால் 1/100-க்கு இறக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. பல விளக்குகள் சுற்றுக்கு இரண்டு முறை என நொடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் பட்டை விழும்.

அப்புறம், உப்புக் காற்று. லென்ஸை அடிக்கடி துடையுங்கள்.